பூசணிக்காய் ஏலம் முதல் ஒரே பந்தி வரை... அறுப்பின் பண்டிகை கடைமடைக்கு வந்த கதை!

புரட்டாசி பாதியைத் தாண்டிவிட்டால், நெடுங்காட்டுப் பக்கம் பேச்செல்லாம் வானத்தைப் பற்றித்தான். ஒரு வயலில் குறுவைக் கதிர் பழுத்துத் தலைசாய்ந்து நிற்கும். பக்கத்து வயலில் சம்பா நடவு நடக்கும். அறுப்புக்கு வெயில் வேண்டும், நடவுக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்கிற ஊர் இது. காவிரியின் கடைமடை என்றால் அப்படித்தான். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊர்களையும் கடந்து கடைசியாக வந்து சேரும் இடம். வடகிழக்குப் பருவமழையோ முதலில் வந்து இறங்கும் இடம்.

இதே வாரங்களில் இன்னொரு வேலையும் நடக்கிறது. சி.எஸ்.ஐ. ஆலயங்களின் அறிவிப்புப் பலகைகளில் ஒரு வரி எழுதப்படுகிறது: 'அறுப்பின் பண்டிகை. சபையார் தங்கள் முதற்பலன்களைக் கொண்டுவரவும்.' லண்டன், பாரிஸ், சிங்கப்பூர் என்று உலகமெங்கும் இருக்கும் ஆங்கிலிகன் ஆலயங்களிலும் ஏறக்குறைய இதே அறிவிப்பைப் பார்க்கலாம். ஆராதனை, அதன்பின் பகல் விருந்து, சில இடங்களில் ஏலம். பெயர்தான் கொஞ்சம் மாறும். அறுவடைப் பண்டிகை என்பார்கள் சிலர். ஸ்தோத்திரப் பண்டிகை என்பார்கள் சிலர். திருநெல்வேலிப் பக்கம் சாப்பாட்டை முன்னிறுத்தி அசனப் பண்டிகை என்றே ஒரு விழா உண்டு.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சபையின் விழா நம் வயலோடு எப்படிச் சேர்ந்தது? பூசணிக்காயை ஏலம் விடும் அந்தக் கலகலப்புக்குப் பின்னால் ஒரு கேள்வியும் இருக்கிறது. விளைச்சலுக்கு நன்றி சொல்கிறோம் சரி, அறுத்தவர்கள் அந்தப் பந்தியில் எங்கே உட்கார்ந்தார்கள்?

புது மாவு ரொட்டியில் தொடங்கியது

இன்று நாம் பார்க்கும் அறுப்பின் பண்டிகைக்கு வயது 200கூட ஆகவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலை ஒட்டி இருக்கும் கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்று ஒரு சிற்றூர். அங்கே ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்பவர் குருவானவராக இருந்தார். கவிஞரும்கூட. 1843-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆண்டின் புதுக் கோதுமையில் சுட்ட ரொட்டியைக் கொண்டு திருவிருந்து நடத்த சபையாரை அழைத்தார். அதிலிருந்து இந்த வழக்கம் பக்கத்து ஊர்களுக்குப் பரவி, சில பத்து வருடங்களில் இங்கிலாந்து முழுவதும் போய்ச் சேர்ந்தது.

ஹாக்கர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆகஸ்ட் 1-ம் தேதி புது மாவு ரொட்டியை ஆலயத்துக்குக் கொண்டுவரும் 'லாமஸ்' என்ற பழைய வழக்கம் அங்கே முன்பே இருந்து மறைந்துபோயிருந்தது. அவர் அதைத் தூசி தட்டி எடுத்தார். இவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. அந்தக் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கும் மாலுமிகளின் உடல்களைத் தேடி எடுத்து, மரியாதையோடு அடக்கம் செய்தவர். வயலும் கடலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊரில் வாழ்ந்தவர் என்பதால், காரைக்கால் கரையோரத்து மக்களுக்கு இவரைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

இங்கிலாந்து ஆலயங்களில் இந்த நாளுக்கென்றே ஒரு ரொட்டி உண்டு. கதிர்க்கட்டு வடிவத்தில் பெரிதாகச் சுட்டு, நடுவே வைப்பார்கள். தண்டில் ஏறுவதுபோல ஒரு குட்டி எலியையும் மாவிலேயே செய்து ஒட்டிவிடுவார்கள். பிள்ளைகள் முதலில் தேடுவது அந்த எலியைத்தான். நம் டெல்டாவில் எலியின் கதை வேறு. அறுப்பு முடிந்த வயலில் வரப்பை வெட்டி, எலி வளைக்குள் சேர்ந்திருக்கும் நெல்லை எடுத்து உலை வைத்த குடும்பங்கள் இங்கே உண்டு. அங்கே அலங்காரமாக இருக்கும் எலி, இங்கே பசியின் சாட்சி. இரண்டும் அறுவடையின் கதைதான்.

ராஜ வீதியில் இரண்டு ஆலயங்கள்

நெடுங்காட்டிலிருந்து வடகிழக்கே போனால், காரைக்கால் எல்லையைத் தாண்டி, பொறையாறை ஒட்டி தரங்கம்பாடி. வரலாறு எவ்வளவு நெருக்கமாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க இந்தச் சின்னப் பயணம் போதும். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. அதனால் இங்கே கத்தோலிக்க ஆலயங்களே வேர்விட்டன. தரங்கம்பாடியோ 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தின் மூலம் டேனியர்களுக்குக் கிடைத்தது. சீர்திருத்தச் சபைகளின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

தரங்கம்பாடியின் ராஜ வீதியில் இன்றும் இரண்டு பழைய ஆலயங்களைப் பார்க்கலாம். ஒன்று சீயோன் ஆலயம். 1701-ல் டேனியர்கள் தங்களுக்காகக் கட்டியது. இன்னொன்று புதிய எருசலேம் ஆலயம். 1706 ஜூலையில் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ்ச் சபைக்காகக் கட்டி 1718-ல் பிரதிஷ்டை செய்தது. ஒரே தெரு. ஒரே கடவுள். ஆனால், வெளிநாட்டவருக்கு ஒரு கோயில், உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு கோயில்.

சீகன்பால்கு லூத்தரன். ஆனாலும், அவருடைய வேலைக்குத் தோள் கொடுத்தவர்களில் லண்டனின் ஆங்கிலிகன்களும் உண்டு. 'எஸ்.பி.சி.கே.' என்ற அவர்களின் சங்கம் அச்சு இயந்திரத்தையும் காகிதத்தையும் அனுப்பிவைத்தது. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததில் அந்த உதவிக்கும் பங்கு இருக்கிறது.

1845-ல் டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். சீயோன் ஆலயம் ஆங்கிலிகன் சபையின் பக்கம் வந்தது. பிறகு 1947 செப்டம்பர் 27-ம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. உருவானது. இன்று சீயோன் ஒரு சி.எஸ்.ஐ. ஆலயம். ஐரோப்பியர்கள் தங்களுக்காக, தங்கள் ஊர் நினைவாகக் கட்டிக்கொண்ட இடத்தில் இப்போது தமிழில் ஆராதனை நடக்கிறது.

கட்டடம் கைமாறியதோடு இந்த மாற்றம் முடிந்துவிடவில்லை. ஆராதனை நாட்காட்டியும் நம் ஊர்ப் பருவத்துக்கு வந்து சேர வேண்டியிருந்தது. அதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது.

அவர்கள் கோதுமையும் நம் நெல்லும்

இங்கிலாந்தில் அறுப்பின் பண்டிகையை செப்டம்பர் கடைசியில் வரும் அறுவடைப் பௌர்ணமியை ஒட்டி வைப்பார்கள். கோதுமை அறுத்துக் களஞ்சியம் சேர்ந்திருக்கும். வேலை முடிந்திருக்கும். குளிர் வருவதற்கு முன் ஒரு பெருமூச்சு. அதுதான் அவர்களுடைய பண்டிகையின் மனநிலை.

டெல்டாவில் அந்த நேரத்தில் வேலை முடிவதில்லை. மரபுப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், ஆடியில் குறுவை பச்சை கட்டும், புரட்டாசி-ஐப்பசியில் அறுப்புக்கு வரும். அதற்குள் சம்பாவும் தாளடியும் தொடங்கியிருக்கும். அந்த நெல் தை, மாசியில்தான் வீடு வரும். அதாவது, செப்டம்பர் கடைசியில் நன்றி சொல்லும்போது ஒரு போகம் கையில் இருக்கும், இன்னொரு போகம் மண்ணில் இருக்கும். பாதி நன்றி, பாதி வேண்டுதல்.

அதனால்தான் தமிழ்நாட்டில் இந்தப் பண்டிகைக்கு ஒரே தேதி கிடையாது. நகரத்துச் சபைகள் பல செப்டம்பர், அக்டோபரில் வைத்துக்கொள்கின்றன. கிராமத்துச் சபைகள் தங்கள் ஊர் விளைச்சலைப் பார்த்து நாள் குறிக்கின்றன. சபைக்குச் சபை மாறும். காகிதத்தில் வந்த நாட்காட்டியை மண் திருத்தி எழுதிக்கொண்டது.

கடைமடையில் இந்த நன்றிக்கு எடை கொஞ்சம் கூடுதல். காவிரி வழக்கில் 2007-ல் நடுவர் மன்றமும், 2018-ல் உச்ச நீதிமன்றமும் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்கால் வயல்களுக்கு, ஒதுக்கியது ஆண்டுக்கு 7 டி.எம்.சி. தமிழகத்துக்கான 404.25 டி.எம்.சி-யோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு சொம்புத் தண்ணீர். அந்தச் சொம்பும் கடைசி வாய்க்கால்வரை வந்தால்தான் உண்டு. வந்து, விளைந்து, அறுத்த பிறகும் கவலை தீராது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நெல்லின் ஈரப்பதம் கொள்முதலுக்கான 17 சதவிகித வரம்பைத் தாண்டிவிடும். சாலையோரத்தில் தார்ப்பாயைப் போட்டு, நெல்லைக் கிண்டிக் கிண்டிக் காயவைக்கும் காட்சி இங்கே வருடா வருடம் உண்டு. அந்தக் குவியலிலிருந்து ஒரு மரக்கால் நெல்லை ஆலயத்துக்கு எடுத்துச் செல்வது சாதாரண காணிக்கை இல்லை. தப்பிப் பிழைத்ததற்கான ரசீது.

'ஒரு தரம்... ரெண்டு தரம்...'

பண்டிகை நாளில் ஆலயத்தின் முகமே மாறிவிடும். வாசலில் வாழை மரமும் கரும்பும். பலிபீடத்தின் முன்னால் நெற்கதிர்க் கட்டு, பூசணி, பரங்கி, முருங்கைக்காய், வாழைத்தார், தேங்காய். கூடைக்குள் கால் கட்டிய நாட்டுக்கோழி. பிரசங்கத்துக்கு நடுவே அது ஒருமுறை கொக்கரிக்கும். பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்கள். வீட்டில் செய்த முறுக்கு, அதிரசம், ஊறுகாய் பாட்டிலும் வரும். சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பிடியரிசி வழக்கம் உள்ள சபைகளில், பெண்கள் அந்த அரிசியையும் கொண்டுவருவார்கள். வயலே இல்லாத வீடும் முதற்பலன் கொடுக்க அது ஒரு வழி.

ஆராதனை முடிந்ததும் ஏலம். நல்ல குரல்வளமும் நகைச்சுவையும் உள்ள ஒருவர் மைக்கைப் பிடிப்பார். 'ஒரு தரம்... ரெண்டு தரம்...' என்று இழுத்து, மூன்றாவது தரம் சொல்வதற்குள் யாராவது நூறு ரூபாய் ஏற்றிவிடுவார்கள். சந்தையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பூசணி இங்கே ஆயிரத்தைத் தாண்டும். ஏலம் எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி ஏலம் விடச் சொல்வதும் உண்டு. ஒரே தேங்காய் நாலு கை மாறும். பணம் ஆலயப் பழுதுபார்ப்புக்கோ, பிள்ளைகளின் படிப்புக்கோ, ஊழியத்துக்கோ போகும்.

இப்போது செல்போனும் ஏலத்துக்கு வந்துவிட்டது. வீடியோ காலில் வெளிநாட்டிலிருந்து ஒருவர், 'என் பேர்ல இன்னும் ஐநூறு போடு' என்கிறார். ஊரில் இருக்கும் அக்கா கையைத் தூக்குகிறார். வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கு அந்த வாழைத்தார் கிடைக்கப் போவதில்லை. தன் பெயரை ஒருமுறை ஆலய மைக்கில் சொல்லிக் கேட்டால் போதும்.

ஏலத்தில் ஒரு சங்கடமும் இருக்கிறது. கையில் காசு உள்ளவர்கள்தான் அதில் விளையாட முடியும். தினக்கூலிக்குப் போகிறவர் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவராகவே நிற்பார். மானப் போட்டி முற்றும் இடங்களில் அது இன்னும் கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும். அந்தச் சங்கடத்தைச் சமன் செய்யத்தான் சாப்பாடு இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், கடல் தாண்டிப் போன பண்டிகையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

அறுக்காத ஊரில் அறுப்பின் பண்டிகை

தமிழர்கள் கடல் கடந்து போன இடங்களுக்கெல்லாம் அவர்களோடு சபையும் போனது. இலங்கையின் மலையகத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்காக 1854-ல் ஆங்கிலிகன் மிஷனரிச் சங்கமான சி.எம்.எஸ். ஒரு பணியைத் தொடங்கியது. அதன் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அப்போது அங்கே காப்பி, பிறகு தேயிலை. டிக்கோயாவில் 1878-ல் எழுந்த வார்லி ஆலயம் போன்றவை தோட்ட துரைமார்களுக்காகக் கட்டப்பட்டவை. தரங்கம்பாடி ராஜ வீதியில் பார்த்த அதே கோடு அங்கேயும் இருந்தது. துரைக்கு ஒரு ஆலயம், தொழிலாளிக்கு ஒரு மிஷன். அந்தத் தொழிலாளிகள் பறித்த கொழுந்து அவர்களுடையதல்ல, நின்ற மண்ணும் அவர்களுடையதல்ல. அப்படிப்பட்ட இடத்தில் 'எங்கள் விளைச்சல்' என்று சொல்ல என்ன இருந்திருக்கும்?

இன்று சிங்கப்பூரின் கிறைஸ்ட் சர்ச் போன்ற தமிழ் ஆங்கிலிகன் சபைகளில் இருப்பவர்களுக்கு வயலும் இல்லை, களமும் இல்லை. அரிசி சூப்பர் மார்க்கெட் பையில் வருகிறது. இங்கிலாந்திலேயே நிலைமை மாறிவிட்டது. நகரத்து ஆலயங்களில் இப்போது பலிபீடத்தின் முன் கதிர்க்கட்டை விட டின் உணவும் பாஸ்தா பாக்கெட்டும்தான் அதிகம். பண்டிகை முடிந்ததும் அவை நேராக உணவு வங்கிகளுக்குப் போகின்றன. வறுமையில் இருப்பவர்கள் வந்து இலவசமாக எடுத்துச் செல்லும் இடம் அது. விளைச்சல் போய்விட்டாலும் பண்டிகையின் பாதி உயிரோடு இருக்கிறது. அந்தப் பாதி, கொடுப்பது.

விவிலியத்திலும் முதற்பலன் சட்டங்கள் அப்படித்தான் இருக்கின்றன. வயலின் ஓரங்களை முழுக்க அறுக்கக் கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது, அவை ஏழைக்கும் வெளியூர்க்காரருக்கும் உரியவை என்கிறது லேவியராகமம். ரூத் என்ற இளம் விதவை, வேற்று நாட்டுப் பெண், மாமியாரைக் காப்பாற்றக் கதிர் பொறுக்கியது அந்தச் சட்டத்தின் தைரியத்தில்தான். அறுப்பின் பண்டிகைப் பிரசங்கங்களில் ரூத்தின் கதை அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுதான். அந்தக் கதையில் நாயகி நிலக்காரர் அல்ல. கதிர் பொறுக்கியவள்.

இலை போட்டால் தெரியும்

இனி சாப்பாடு. அசனம் என்று தென்மாவட்டங்களில் சொல்லும் சபை விருந்தில் சோறும் கறிக்குழம்பும் அண்டா அண்டாவாக வேகும். யார் வந்தாலும் பந்தியில் உட்காரலாம். இன்று இதைப் படிக்கையில் சாதாரணமாகத் தோன்றும். தஞ்சைப் பகுதியின் சபை வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு அது அவ்வளவு சாதாரணம் இல்லை.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் உட்கார்ந்தே ஆராதனை நடந்தது. திருவிருந்துக்கு வருவதிலும் யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசை இருந்தது. 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு, உடனடியாக நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். எல்லோரும் கலந்து உட்கார வேண்டும், ஒன்றாகத் திருவிருந்து எடுக்க வேண்டும். விளைவு என்ன தெரியுமா? தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் எண்ணிக்கையில் மக்கள் சபையை விட்டே விலகினார்கள். தஞ்சையின் புகழ்பெற்ற கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரே இந்த மாற்றத்தை எதிர்த்தவர்களில் ஒருவர். விலகியவர்களில் ஒரு பகுதியினர் பிறகு லூத்தரன் சபைகளில் சேர்ந்தார்கள்.

மதம் மாறலாம், பாட்டு மாறலாம். பக்கத்து இலையில் யார் உட்காருகிறார் என்பதை மாற்றிக்கொள்வதுதான் கடைசிவரை கடினமாக இருந்திருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய குறை அல்ல இது. டெல்டா முழுவதற்கும் உரியது.

அதைச் சொல்லும்போது இன்னொரு தேதியைத் தாண்டிப் போக முடியாது. 1968 டிசம்பர் 25. உலகமெங்கும் கிறிஸ்துமஸ் மணி ஒலித்த அந்த இரவில், நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அறுவடைக் கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட போராட்டம் அதற்கு முன்னால் இருந்தது. அடுத்த ஆண்டே, 1969-ல், கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நெடுங்காட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் நடந்தது இது. இந்த மண்ணில் ஒரு மரக்கால் நெல்லைப் பலிபீடத்தின் முன் வைத்து நன்றி சொன்னால், அந்த அரைப்படியும் நினைவுக்கு வரத்தான் வேண்டும்.

மெஷின் வந்த பிறகு

இப்போது அறுப்பின் ஓசையே மாறிவிட்டது. கதிர் அறுக்கும் மெஷின் வயலில் இறங்கினால், ஒரு கூட்டமே நாள் முழுக்கச் செய்த வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நிலக்காரருக்கு அது பெரிய நிம்மதி. ஆள் தேட வேண்டாம். மழைக்கு முன் நெல்லைக் கரை சேர்க்கலாம். மறுபக்கம், அரிவாளோடு வரிசையாக இறங்கிய பெண்களுக்கு அந்தச் சில நாள் வேலை போய்விட்டது. களத்து மேட்டில் கூலியாக நெல் அளந்து வாங்கி வரும் வழக்கமும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ரூத்தைப்போல் கதிர் பொறுக்க இன்று யாராவது போனாலும், மெஷின் போன வழியில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஆகவே, அறுப்பின் பண்டிகைக்கு இன்று ஒரு புதுப் பொறுப்பு வந்திருக்கிறது. முன்பெல்லாம் வயலே எல்லோருக்கும் கொஞ்சம் கொடுத்தது, சிந்தியதையாவது. இப்போது வயல் கொடுக்காததைப் பந்தி கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏலத்தில் பூசணி எவ்வளவுக்குப் போனது என்பது ஒரு வாரம் பேசப்படும். அந்தப் பூசணிக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றியவரும், நாற்று நட்டவரும், மூட்டை தூக்கியவரும் முதல் பந்தியில் உட்கார்ந்தார்களா என்பதுதான் பண்டிகையின் உண்மையான கணக்கு.

காரைக்கால் மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவில் மாம்பழங்கள் கூட்டத்தின் மீது வீசப்படும். யார் கைக்கு வருகிறதோ அவருக்கு. மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரிக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். தைப்பொங்கலில் புதுநெல் அரிசி முதலில் சூரியனுக்கு, பிறகு மாட்டுக்கு, பிறகுதான் நமக்கு. முதல் விளைச்சலைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்று இந்த மண்ணுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கார்ன்வாலில் கிளம்பிய பண்டிகைக்கு இங்கே ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது.

முதன்முறை போகிறீர்களா?

நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ அறுப்பின் பண்டிகைக்கு அழைத்தால் தயங்காமல் போகலாம். சில குறிப்புகள்:

* வெறுங்கையோடு போவதும் தவறில்லை. எடுத்துச் செல்ல விரும்பினால் வீட்டுத் தோட்டத்துக் காயோ, ஒரு படி அரிசியோ, கையால் செய்த பலகாரமோ போதும்.

* ஏலத்தில் கை தூக்கும்முன் பட்ஜெட்டை மனதில் முடிவுசெய்துகொள்ளுங்கள். அறிவிப்பாளரின் பேச்சில் மயங்கி, ஆயிரம் ரூபாய்க்குச் சுரைக்காய் வாங்கியவர்கள் நிறைய.

* குழந்தைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அரிசி எந்தச் செடியில் காய்க்கிறது என்று கேட்கும் நகரத்துப் பிள்ளைக்கு, நெற்கதிரைத் தொட்டுப் பார்க்க இது நல்ல நாள்.

* வெளிநாட்டில் இருப்பவர்கள் போன் வழியே ஏலம் கேட்டால், எடுத்த பொருளை விருந்துச் சமையலுக்கோ, தேவைப்படும் ஒரு வீட்டுக்கோ கொடுத்துவிடச் சொல்லலாம்.

* சாப்பிடாமல் கிளம்பிவிடாதீர்கள். தெரிந்த முகங்களைத் தேடி உட்காராமல், கிடைத்த இடத்தில் உட்காருங்கள்.

கடைசிக் குறிப்புதான் முக்கியமானது. 1833-ல் ஒரு பேராயர் சுற்றறிக்கை அனுப்பியும் முழுதாக நடக்காத காரியம், ஒரு பந்தியில் இடம் மாறி உட்காருவதில் கொஞ்சம் நடந்துவிடுகிறது. குறுவை நெல் காய்ந்து மூட்டை ஏறட்டும். சம்பாவுக்கு மழை அளவாகப் பெய்யட்டும். இலை போட்டதும் பக்கத்தில் இருப்பவரிடம், 'உங்க பக்கம் தண்ணி வந்துச்சா?' என்று கேளுங்கள். கடைமடையில் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல கேள்வி இல்லை.